வால்குண்டு

1

"அம்மா, குண்டு எண்டா ஃபற் தானே?" எண்டு கேட்டாள் என்ர மகள்.

போன கிழமை, சிம்கோ ஏரிக்கரையில. தர்சினிக்கு வயசு முப்பத்தொண்டு. கைக்குழந்தையா இஞ்ச கனடாவுக்குக் கொண்டுவந்த பிள்ளை. அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் எல்லாம் என்ர சமையலறையிலயும் சினிமாவிலயும் பொறுக்கினது. சினிமாவில குண்டு எண்டா கொழுத்த ஆள். அவளில பிழை இல்லை.

பிழை விட்டது நான்தான். மருமகன் மைக் தன்ர தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டினவன். மேல் தட்டில வரிசையாக் கிடந்துதுகள். ஈயத்தலை, அதில இருந்து நீட்டின தூண்டில் முள்ளு, முள்ளைச் சுத்தி வெள்ளை மயிர்க்குஞ்சம். மான் வால் மயிராம். "பக்-ரெயில்-ஜிக்" எண்டு எனக்கு நிப்பாட்டி நிப்பாட்டி உச்சரிச்சுக் காட்டினான், நான் மூண்டு வயசுப்பிள்ளை மாதிரி. நல்ல பெடியன், பாவம். ஆனா எனக்கு வாயில வந்தது வேற.

"ஐயோ, வால்குண்டு!" எண்டு கத்திப்போட்டன்.

தர்சினி விழுந்து விழுந்து சிரிச்சாள். கொழுத்த வால் எண்டு மைக்குக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவனும் சிரிச்சான். நானும் சேர்ந்து பல்லைக் காட்டினன். என்ன செய்யிறது?

"உங்களுக்கு எப்பிடியம்மா உது தெரியும்?"

"ஒண்டுமில்லை, சும்மா."

இந்தச் "சும்மா"தான் நான் அவளுக்குக் குடுத்த சீதனம். அப்பாவை ஏன் பிடிச்சவங்கள் எண்டு சின்னனில கேட்கேக்கயும், சும்மாதான், தமிழர் எண்டு பிடிச்சவங்கள் எண்டுதான் சொன்னனான். அது பொய்யில்லை. வெள்ளவத்தையில இருந்து பத்திரிகை நடத்துற உங்களுக்குத் தெரியும், அந்தச் சண்டைக்காலத்தில எத்தினை பேரை அப்பிடித்தான் ஏத்தினவங்கள். ஆனா என்ர மனுசனைப் பிடிக்க ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தைப் பேனை பிடிச்சு எழுதினது நான்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் வகுப்பு சனிக்கிழமையில, எனக்கும் வேலை சனிக்கிழமையில. கொண்டுபோய் விட ஆளில்லை. அது எனக்குப் பெரிய கவலையா இருந்த காலமும் உண்டு. இண்டைக்கு அந்தத் துணிவிலதான் இதை உங்களுக்கு எழுதுறன்.

2

அவர் பேர் நேசன். யாழ்ப்பாணக் கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, கிளாக்கரா இருந்தவர். நான் கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்தனான். சிங்களம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அவருக்குச் சிங்களத்தில யார் என்ன கேட்டாலும் "ஹரி, ஹரி", அதாவது சரி, சரி எண்டு தலையாட்டத்தான் தெரியும். அவற்ற தமையன் கனடாவுக்குக் கூப்பிடுறதுக்குப் பேப்பர் போட்டிருந்தார். விசா வருமட்டும் வெள்ளவத்தையில, றெயில் பாதைக்குக் கிட்ட, பூமணி அன்ரி வீட்டில ஒரு அறை எடுத்து இருந்தம். நாங்கள் ரெண்டு பேர், எட்டு மாசக் குழந்தை, ஒரு மண்ணெண்ணெய்க் குக்கர், பொலிஸ் பதிவுத்துண்டு. தண்டவாளத்தைத் தாண்டினா கடல்.

வேலையில்லாமல் அறைக்குள்ள இருந்த மனுசன் விசர் பிடிக்கிற நிலைக்கு வந்திட்டார். அப்பதான் தமையன்ர கடிதத்துக்குள்ள மட்டையில குத்தி, மைக் காட்டினது மாதிரி ஒண்டு வந்தது. இதாலதான் இஞ்ச மீன் பிடிக்கிறம் எண்டு எழுதியிருந்தார். வேற ஆளெண்டா அலுமாரியில வைச்சு வடிவு பாத்திருக்கும். இவர் அண்டைக்கே பிளேற்றால கீறி, நூலை அவிழ்த்து, மயிரை எண்ணாத குறையாப் பிரிச்சுப் பாத்தார்.

மானுக்கு எங்க போறது? கொட்டாஞ்சேனை இறைச்சிக்கடை முஸ்லிம் நானாட்டச் சொல்லி வைச்சு வெள்ளைக் கிடாய் வால் எடுத்தம். அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கொடியில என்ர உள்பாவாடைக்குப் பக்கத்தில காயப்போடுவார். மருதானையில கராஜ் மெக்கானிக் பாஸ்மாரிட்ட, கார்ச் சில்லு ஆடாமல் இருக்க விளிம்பில கொழுவுற ஈயத்துண்டுகள் கழிச்சுப் போட்டது கிடைக்கும். அதை ரின்பால் பேணியில போட்டு குக்கரில உருக்கி, தான் செய்த பிளாஸ்டர் அச்சுக்குள்ள முள்ளை வைச்சு ஊத்துவார். ஆறினதும் மயிரை வைச்சு நூலால இறுக்கிக் கட்டி, நான் நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூடெக்ஸை ஈயத்தலையில பூசி, ஈர்க்கு நுனியால கண் வைப்பார். கண் வைக்கேக்க நாக்கை வெளியில நீட்டிக்கொண்டிருப்பார். நான் சிரிச்சாக் கோவம் வரும்.

கச்சேரிக் கிளாக்கர் தூண்டில் கட்டுறார் எண்டு அன்ரி வருவார் போவாருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சா. நாங்கள் அதுக்கு வைச்ச பேர்தான் வால்குண்டு. தூண்டில் பாரத்துக்கு நாங்கள் ஈயக்குண்டு எண்டுதானே சொல்லுறது? இதுக்கு வால் இருந்தது, அவ்வளவுதான்.

ஒண்டு கொஞ்சம் கோணினாலும் திருப்பி உருக்கிப்போடுவார். "கோணல் குண்டு தண்ணிக்க சுத்தும். மீன் பாத்துச் சிரிக்கும்" எண்டுவார். அதிலதான் எனக்கும் அவருக்கும் சண்டை. "மீன் என்ன கச்சேரிக்கு வந்து கையெழுத்து வாங்கப்போகுதோ, விடுங்கோவன்" எண்டுவன். கேட்கமாட்டார்.

முகத்துவாரத்தில அந்தோனி அண்ணையிட்ட ஒரு சின்னப் படகு இருந்தது. களனி ஆறு கடலில விழுற இடத்தில பாரையும் கொடுவாவும் எடுக்கிற ஆள். ஒருநாள் காலமை பிள்ளையை அன்ரியிட்ட விட்டிட்டு நானும் கூடப் போனனான். குஞ்சத்தைப் பாத்திட்டு அந்தோனி அண்ணை, "ஐயா, மீன் எப்பயிருந்து மயிர் தின்னத் துவங்கினது?" எண்டு கேட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. இவர் கயிற்றை விட்டார். அடியில ஈயம் தொட விட்டு, ஒரு முழம் தூக்கி, திரும்ப விழ விட்டார். "தூக்கேக்க கடியாது. விழேக்கதான் கடிக்கும்" எண்டு எனக்குச் சொன்னார். நாலாம் தரம் விழேக்க கயிறு அவற்ற கையை அறுத்துக்கொண்டு ஓடிச்சு. இழுத்துப் போட்டா, என்ர கை நீளத்துக்குப் பாரை. அந்தோனி அண்ணை தன்ர தொப்பியைக் கழட்டி அந்த மீனுக்குக் கும்பிடு போட்டார். அண்டைக்கே ஆறு வாங்கினார், பிறகு இன்னும் பன்னிரண்டு செய்து தரச்சொன்னார்.

அவ்வளவு சந்தோசமா என்ர மனுசனை நான் அதுக்கு முதலும் கண்டதில்லை, பிறகும் காணேல்லை.

3

இஞ்ச வந்த காலத்தில இருந்து எந்த விண்ணப்பப் பாரம் நிரப்பினாலும் ஒரு கேள்வி. மணமானவரா, பிரிந்தவரா, விதவையா? பெட்டிக்குள்ள சரி போடவேணும். நான் ஒருக்கா மணமானவர் எண்டு போட்டன். கணவர் எங்க எண்டு கடிதம் வந்தது. அடுத்தமுறை பிரிந்தவர் எண்டு போட்டன். பிரிஞ்ச திகதி என்ன, பிரிவுக்கு அத்தாட்சி என்ன எண்டு வந்தது. விதவை எண்டு போட மரணப்பத்திரம் வேணும். மூண்டும் சரியில்லை எண்டு ஒருக்கா அந்த மேசைக்காரிக்குச் சொல்ல வெளிக்கிட்டு, எனக்கு இங்கிலிஸ் வராமல், "மை ஹஸ்பண்ட் இஸ் லொஸ்ற்" எண்டன். அவள் எனக்குத் தண்ணி தந்து, இந்தக் கட்டடம் பெரிசுதான், எல்லாரும் வழி மாறுறது வழமை, கீழ்த்தட்டில அறிவிக்கச் சொல்லுறன் எண்டாள்.

சிரிக்காதேங்கோ. நான் அண்டைக்கு பஸ்ஸில முழுக்க அழுதனான்.

எத்தினை கடிதம், எத்தினை லிஸ்ற், எத்தினை குழுவுக்கு முன்னால கதிரையில இருந்தன். சிறைச்சாலையெல்லாம் தேடினன். ஒரு இடத்திலயும் பேரில்லை. விசா மூண்டு பேருக்கு வந்தது. நான் ரெண்டு பேராய் வந்தன்.

4

அந்தப் பன்னிரண்டையும் அவர் ஒரு கிழமையில முடிச்சார். இன்னும் கொஞ்சம் செய்வம் எண்டு ஞாயிற்றுக்கிழமை ஈயம் எடுக்க மருதானைக்கு வெளிக்கிட்டார். திரும்பி வாற வழியில அந்தோனி அண்ணையின்ர சொந்தக்காரர் ஒருத்தரிட்ட ஒரு துண்டு குடுத்துவிட வேணும், பன்னிரண்டும் ரெடி எண்டு. அவற்ற எழுத்து கோழி கிண்டின மாதிரி, ஒருத்தருக்கும் விளங்காது. "நீர் எழுதும்" எண்டார். பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அடுப்பில சோறு. நான் கொப்பி மூலையைக் கிழிச்சுக் கிறுக்கினன்.

"அந்தோனி அண்ணைக்கு. குண்டு 12 ரெடி. சனி காலமை முகத்துவாரம்."

வால் எண்டு ரெண்டு எழுத்து. அதை விட்டிட்டன். அவசரம்.

இப்ப நீங்கள் ஒரு பொலிஸ்காரனா இருந்து வாசிச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாண அடையாள அட்டை. பையில ரெண்டு கிலோ ஈயம். சட்டைப் பொக்கற்றில இந்தத் துண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில துறைமுகம். அந்தக் காலத்தில தமிழே தெரியாத பொலிஸ்காரனுக்கும் தெரிஞ்ச ஒரே தமிழ்ச்சொல் குண்டுதான். என்ன குண்டு எண்டு கேட்டதுக்கு இவர் வழக்கம் போல "ஹரி, ஹரி" எண்டு தலையாட்டியிருப்பார்.

பின்னேரம் நாலு மணிபோல, மருதானையில வைச்சு ஏத்திப்போட்டாங்கள் எண்டு கராஜில இருந்து ஒரு ஆள் வந்து சொல்லிச்சு. துண்டைப் பற்றியும் சொல்லிச்சு. பூமணி அன்ரி தலையில கை வைச்சா.

"பிள்ளை, உந்தச் சாமானெல்லாம் எடு. இப்பவே எறி. றவுண்டப் வந்தா என்ர வீட்டில கிடக்கிற எல்லாரும் உள்ளுக்க."

நான் யோசிக்கேல்லை. கடவுளாண, ஒரு நிமிசம் நிண்டு யோசிச்சிருந்தா... யோசிக்கேல்லை. பன்னிரண்டு வால்குண்டு, ரெண்டு அச்சு, பேணி, மிச்ச முள்ளு, கழுவி வைச்ச வால், தமையன் அனுப்பின மட்டை, எல்லாத்தையும் சீலைப்பையில அள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினன். கல்லுக்கு மேல நிண்டு பையோட எறிஞ்சன். ஈயம்தானே, ஒரு குமிழிகூட வரேல்லை. வீட்டை வந்து கையைக் கழுவினன். கெட்டிக்காரி எண்டு நினைச்சன்.

5

திங்கள் காலமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருதானைப் பொலிஸுக்குப் போனன். அவரைக் காட்டேல்லை. அங்க பொறுப்பா இருந்த பெரியவர் வயசான ஆள், கண்ணாடி போட்டவர். நான் சிங்களத்தில கதைக்கக் கதிரை தந்தார். எல்லாத்தையும் சொன்னன். அது மீன் பிடிக்கிற சாமான், ஈயத்தில செய்யிறது, ஆட்டுமயிர் கட்டுறது, நாங்கள் அதைக் குண்டு எண்டு சொல்லுறனாங்கள். ஈயம் எண்டா சிங்களத்திலயும் ஈயம்தானே, அது அவருக்கு விளங்கிச்சு.

"ஆட்டுமயிரை மீன் கடிக்குமோ, நங்கி?" எண்டு, தங்கச்சி முறை சொல்லிக் கேட்டார்.

"கடிக்கும் சேர். நான் கண்டனான்."

பிறகு சொன்னார், "எனக்கும் பிள்ளைகள் இருக்கு. புதன்கிழமை வரைக்கும் உன்ர மனுசனை இஞ்ச வைச்சிருப்பன். அந்தச் சாமானில ஒண்டைக் கொண்டுவந்து காட்டு. ஒண்டு காணும், போதும். நான் எழுதிப்போட்டு ஆளை விடுறன்."

ஒண்டு. முதல் நாள் பன்னிரண்டைக் கடலில போட்டவளிட்ட ஒண்டு கேட்கிறார். போட்டிட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒளிச்சவள் எண்டுதானே நினைப்பார்? "ஹரி சேர்" எண்டன், இவரை மாதிரியே.

அங்கயிருந்து நேர முகத்துவாரத்துக்குப் போனன். அந்தோனி அண்ணை பெட்டி கட்டிக்கொண்டு நிண்டார், ஹெந்தளையில மச்சான் வீட்டுக்குப் போக. "முதல் தந்த ஆறில ஒண்டாவது தாங்கோ அண்ணை" எண்டு கையெடுத்துக் கும்பிட்டன்.

"எல்லாம் கல்லில மாட்டி அறுந்துபோச்சு, தங்கச்சி. மாதாவாண."

"அப்ப வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

"அந்தத் துண்டில என்ர பேரும் கிடக்கு" எண்டார். உள்ளுக்குப் போய் ரெண்டு முள்ளு எடுத்துவந்து என்ர கையில வைச்சுப் பொத்தினார். "இதுதான் என்னால ஏலும்."

நான் அவரில கோவிக்கேல்லை. கோவிக்க நேரமில்லை.

மருதானை பாஸ் என்ர முகத்தைப் பாத்திட்டு ஒரு பிடி ஈயம் அள்ளித் தந்தார். அதைப் பிள்ளையின்ர மாப்பேணிக்குள்ள போட்டு மேல பால்மாவைக் கொட்டினன். செக்பொயின்றில பொலிஸ்காரி பேணியைத் திறந்து மணந்து பாத்தாள். தர்சினி அவளைப் பாத்துச் சிரிச்சாள். விட்டிட்டாள். கொட்டாஞ்சேனை நானா கடை பூட்டுற நேரம். "வெள்ளை இல்ல புள்ள, நாளைக்கி வாங்க" எண்டவர், நான் அழத் துவங்கப் பின்னுக்குப் போய் எங்கயோ தேடி ஒரு வாலைக் கொண்டந்தார்.

அன்ரி குக்கர் மூட்ட விடமாட்டன் எண்டா. காலைப் பிடிச்சன். செவ்வாய் காலமை பிளாஸ்டர் குழைச்சு, நேசன் செய்த மாதிரியே ரெண்டு பாதி அச்சுச் செய்தன். செய்யிறதைப் பக்கத்தில இருந்து பாத்தனான்தானே, தெரியும் எண்டு நினைச்சன். அச்சு காய ரெண்டு நாள் வேணும் எண்டதை மறந்துபோனன். மறக்கேல்லை, எனக்கு ரெண்டு நாள் இல்லை. ஈரத்துக்குள்ள ஈயத்தை ஊத்தப் படார் எண்டு வெடிச்சு என்ர இடது மணிக்கட்டில ஒட்டிச்சு. அச்சும் ரெண்டாப் போச்சு. அன்ரி "குண்டு! குண்டு!" எண்டு கத்திக்கொண்டு றோட்டுக்கு ஓடினா.

பிறகு சாப்பாட்டுக் கரண்டியை ஈயம் ஒட்டாமல் இருக்க மெழுகுதிரியில கரிப்பிடிச்சு, அதுக்குள்ள முள்ளை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு ஊத்தினன். வந்திட்டுது. ஒரு பக்கம் உருண்டை, மற்றப் பக்கம் தட்டை, முள்ளு கோணல். மயிரைக் கட்டினன். கட்டினதும் கட்டாததும் மாதிரி. ஆனா ஒண்டு இருந்தது. நேரம் பின்னேரம் நாலு மணி. பஸ் எடுத்தா அரை மணித்தியாலம்.

நான் அதைக் கையில வைச்சுப் பாத்தன். எனக்கே பயமா இருந்தது. இதைப் பாத்தா ஆர் மீன் பிடிக்கிற சாமான் எண்டு நம்புவான்? வேற என்னவோ மாதிரி இருந்தது. கோணலைக் கண்டா இவர் என்ன சொல்லுவார் எண்டும் நினைச்சன், வெக்கம்கெட்டவள், அந்த நேரத்திலயும். புதன் வரைக்கும் நேரம் இருக்கு எண்டு பெரியவர் சொன்னவர்தானே. வடிவா ஒண்டு செய்து காலமை கொண்டுபோவம்.

இன்னொரு அச்சுச் செய்து, குக்கர் சூட்டில மெல்ல மெல்லப் பிரட்டிப் பிரட்டிக் காய வைச்சன். அதுக்குள்ள ஊத்தினது பிழைக்கேல்லை. மயிரைச் சீவி, ஒரே நீளமா வெட்டி, நூலை இறுக்கி, சிவப்புப் பூசி, ஈர்க்கால கண் வைச்சு முடிய ஏழு மணியாப்போச்சு. இவர் செய்தது எண்டு சொன்னா இவரே நம்புவார், அப்பிடி வந்தது. அண்டைக்கு நான் நல்லா நித்திரை கொண்டனான். அதைத்தான் என்னால மன்னிக்க ஏலாமல் கிடக்கு.

6

புதன் எட்டரைக்கெல்லாம் பொலிஸில நிண்டன். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டிருந்தன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவெண்டு. ஒண்டுக்கு ரெண்டாக் கிடக்கட்டும் எண்டு கோணலையும் பையில போட்டிருந்தன்.

வடிவானதை எடுத்து மேசையில வைச்சன். பெரியவர் கண்ணாடியை ஏத்திவிட்டு அதைக் கையில எடுத்தார். மயிரை விரலால தடவினார். முள்ளு நுனியைத் தொட்டுப் பாத்தார்.

"ஹரி லஸ்ஸனய்" எண்டார். நல்ல வடிவா இருக்கெண்டு.

பிறகு அதை மெதுவா என்ர பக்கம் தள்ளி வைச்சார். "நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு வேற இடத்து ஆக்கள் ஜீப்பில வந்தாங்கள், நங்கி. கடிதத்தோட வந்தாங்கள். அவங்களுக்குக் காட்டுறதுக்கு என்னட்ட ஒண்டும் இருக்கேல்லை. கொண்டுபோட்டாங்கள்."

எங்க எண்டு கேட்டன். தெரியாது எண்டார். மூண்டு தரம் கேட்டன். மூண்டு தரமும் தெரியாது எண்டார். பொய் சொன்ன மாதிரித் தெரியேல்லை.

நான் பைக்குள்ள கையை விட்டுக் கோணலை எடுத்து அவருக்கு முன்னால பிடிச்சன்.

"சேர், இது நேற்று நாலு மணிக்கு என்னட்ட இருந்தது. இதைக் கொண்டந்திருந்தா?"

அவர் அதை வாங்கேல்லை. பிள்ளையைப் பாத்தார், என்ர மணிக்கட்டுக் கட்டைப் பாத்தார், அந்தக் கோணல் ஈயத்தைப் பாத்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவர் நேர்மையான மனுசன்.

"ஏக உனத் எத்தி, நங்கி" எண்டார்.

அதெண்டாலும் காணும், தங்கச்சி எண்டு.